மீசை வைத்த சூரியன்

மருந்துக்கடை அக்காவுக்கு ஒரு பழக்கம். மாத்திரை போட்டுத் தரும் காகித உறையின் மேல் படம் வரைந்துவிடுவாள். காலை மாத்திரை என்றால் சூரியன், இரவுக்கு நிலா. எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஆரம்பித்த வேலை. பிறகு படித்தவர்களும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதோடு விட்டாளா? ஆளுக்கொரு சூரியன் போட்டாள். டீச்சரம்மாவின் சூரியனுக்கு மூக்குக்கண்ணாடி. இரவுக் காவல் வேலை பார்க்கும் பெரியவரின் சூரியனுக்கு, அவருக்கு இருப்பதுபோலவே முறுக்கிவிட்ட மீசை. கவுண்டருக்குப் பின்னால் இருபது வருடம் நின்று கால் வீங்கிப்போனவளுக்கு, உறையைப் பார்த்து ஒருவர் சிரித்துவிட்டால் போதும், அன்றைய பொழுது நல்ல பொழுது. வேறு பெரிய ஆசை கிடையாது. இருந்திருந்தாலும் அதை நினைத்துப் பார்க்க நேரம் கிடையாது.

"இது மருந்துக்கடையா, டிராயிங் கிளாஸா?" என்று முதலாளி தினம் ஒருமுறை கேட்பார். "வாயையும் பேனாவையும் மூடிட்டு வேலையப் பாரு."

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும் சார்" என்பாள் அவள்.

அன்று காலை பத்து மணிக்கு டீச்சரம்மா சிரித்துக்கொண்டே திரும்பி வந்து ஓர் உறையை நீட்டினார். "ஏம்மா, எனக்கு எப்ப மீசை முளைச்சுது?"

அக்காவும் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே உறையைப் பிரித்துப் பார்த்தாள். இது பெரியவரின் ரத்த அழுத்த மாத்திரை. அப்படியானால் டீச்சரம்மாவின் சர்க்கரை மாத்திரை? எட்டரை மணிக் கூட்டத்தில் இரண்டு பேரும் அடுத்தடுத்து நின்றார்கள். பெரியவர் வேறு, "சீக்கிரம் குடும்மா, தூக்கம் கண்ணக் கட்டுது" என்று அவசரப்படுத்தினார். உறைகள் கைமாறிவிட்டன. ஆனைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் ஆனை சறுக்கினால் அடி ஆனைக்குத்தான். இங்கே சறுக்கியது இவள், அடிபடப் போவது வேறொருவர்.

பெரியவருக்குச் சர்க்கரை நோயே கிடையாது. வேலை முடிந்து வந்து, ஒரு டீயோடு மாத்திரையை விழுங்கிவிட்டு, சாயங்காலம் வரை தூங்குகிறவர். வெறும் வயிற்றில் அந்த மாத்திரை போனால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். தூக்கமா மயக்கமா என்று எட்டிப் பார்க்கவும் வீட்டில் ஆளில்லை. போனும் கிடையாது.

"கூட்டம் குறையட்டும், மத்தியானம் போய்ப் பாரு" என்றார் முதலாளி. "ஒரு மாத்திரைல என்ன ஆயிடப் போகுது?"

"ஆயிட்டா?"

அவள் ஒரு குளுக்கோஸ் டப்பாவையும் அந்த மீசை உறையையும் பையில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டாள்.

விலாசம் தெரியாது. அவரோடு வம்பளந்ததில் தெரிந்தது இவ்வளவுதான்: பின்தெரு, டயர் கடைக்கு மேலே, நாற்பத்திரண்டு படி. "ஒவ்வொரு படிக்கும் என் முட்டி கணக்குச் சொல்லும்மா" என்று மாதாமாதம் புலம்புவார். ஆனால் பின்தெருவில் டயர் கடை ஒன்றல்ல, இரண்டு. முதல் கடையின் பக்கத்துப் படியில் எண்ணிக்கொண்டே ஓடினாள். இருபத்தாறில் படி முடிந்து, பூட்டிய மொட்டைமாடிக் கதவு வந்தது. தலையில் அடித்துக்கொண்டு இறங்கினாள். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

இரண்டாவது கட்டடத்தில் படி நாற்பதைத் தாண்டியது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது, வாசலில் செருப்பு. தட்டினாள். பதில் இல்லை.

"ஐயா! மீசை ஐயா!"

உள்ளே மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கையால் தட்டிப் பார்த்தவள், அவருடைய செருப்பையே எடுத்து அடித்தாள். படம் போடாமல், பேரை எழுதி, வாயை மூடிக்கொண்டு கொடுத்திருந்தால் இந்தக் கதி வந்திருக்குமா? முதலாளி சொன்னதை ஒருநாளாவது கேட்டேனா? கீழே போய் டயர் கடை ஆட்களைக் கூப்பிட்டுக் கதவை உடைக்கச் சொல்லலாம் என்று திரும்பியபோது தாழ்ப்பாள் நகர்ந்தது.

பனியனோடு நின்றார். முகம் உர்ரென்று இருந்தது. "என்ன வேணும்?"

"மாத்திரை போட்டீங்களா?"

"உனக்கென்ன அதப் பத்தி?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கய்யா! போட்டீங்களா இல்லையா?" தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்.

அவர் ஓரடி பின்வாங்கினார். "போடல. எதுக்குப் போடணும்? நாலு வருஷமா மீசை போட்டுக் குடுத்தே. இன்னைக்குப் பாத்தா எவனோ கண்ணாடிக்காரன். அவசரப்படுத்தினதுல கோவிச்சுக்கிட்டு என் மீசைய எடுத்துட்டேன்னு நெனச்சேன். மனசு விட்டுப்போச்சு. மாத்திரையும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம்னு படுத்துட்டேன்."

அவள் அப்படியே கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். திறந்த கதவு வழியாகக் கட்டிலுக்கு மேல் சுவர் தெரிந்தது. பழைய மருந்து உறைகள், வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. அத்தனையும் மீசை வைத்த சூரியன்கள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"கோவம் இல்லய்யா. தப்புப் பண்ணிட்டேன். பெரிய தப்பு" என்று நடந்ததையெல்லாம் சொன்னாள்.

கேட்டு முடித்தவர், முட்டியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "இந்தப் படியேறி என்னத் தேடி இதுவரைக்கும் யாரும் வந்ததில்லம்மா."

"படியக் கொஞ்சம் கொறைச்சு வைங்க, வருவாங்க" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடி உறையை வாங்கிப் பையில் பத்திரப்படுத்திவிட்டு, மீசை உறையை எடுத்தாள். அதைத் திறந்து, ஒவ்வொரு மாத்திரையாக அவருக்குக் காட்டிய பிறகுதான் கையில் கொடுத்தாள். கடையில் கூட்டம் முட்டிக்கொண்டிருக்கும், முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார் என்று தெரியும். இருந்தாலும் அவர் நாலு ரொட்டித் துண்டு சாப்பிட்டு, மாத்திரையை விழுங்கி, தண்ணீர் குடித்து முடிக்கும் வரை அவள் அந்தப் படியை விட்டு எழுந்திருக்கவில்லை.