சுங்கச்சாவடிப் பசுவும் என் மனுக்களும்

மனு எழுதுகிறவளுக்குக் கை நடுங்கக் கூடாது. எனக்கோ கையோடு இடுப்புப் பிள்ளையும் சேர்ந்து நடுங்கும். ஊரார் கோபத்தைப் பணிவான ஆங்கிலத்தில் எழுதித் தரும் என் போன்றவர்களுக்கு இது புரியும்.

கம்பத்துக்கு மேலே மலை, மலைக்கு மேலே மலையாள ராஜாவின் சமஸ்தானம். அங்கே போகும் நம் அரிசி வண்டிகளுக்கு, எல்லைச் சுங்கச்சாவடியில் யாரையும் கேட்காமல் திடீரென்று ஒரு புது வரி போட்டார்கள். கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள் என்று வண்டிக்காரர்கள் என்னைத் தேடி வந்தார்கள். முன்வண்டி என் வீட்டுக்காரருடையது. கைகலப்பு வந்தால் முதல் விலங்கு அவருக்குத்தான்.

தண்ணீர்

வண்டிக்காரர்களில் மூத்தவர் ஒச்சப்பர். "அரிசிக்கு வரி போட்டா, அவுக தண்ணிய மறிப்போம்னு எழுது ஆத்தா" என்றார். பாதி எழுதியபிறகுதான் எனக்கு உறைத்தது.

"பெரியப்பா, தண்ணியே அங்கன இருந்துதானே நமக்கு வருது?"

மோவாயைத் தடவினார். "அப்ப அத அடிச்சிரு ஆத்தா. அவுகளுக்கு ஞாபகம் வந்துறப் போகுது."

நாய்

என் வீட்டுக்காரர் கோம்பை வேட்டைநாய் இரண்டைச் சாவடிக்குக் கூட்டிப்போவதாகக் கம்பைத் தூக்கினார். எனக்கு உயிரே போய்விட்டது. "நாய் கடிச்சா நியாயம் அவுக பக்கம் போயிரும். முதல்ல முறையிடுவோம், பதிலுக்கு நாள் கொடுப்போம். அதுக்கும் மசியலைன்னா, சட்டம் தொடாத ஒண்ணைச் செய்வோம். வரி நின்ன அன்னைக்கே அதையும் நிறுத்திருவோம்னு மனுவுலயே எழுதிருவோம்" என்றேன்.

கம்பைக் கதவுக்குப் பின்னால் சாத்தினார். "சரி, நம்மகிட்ட நாய் இருக்குன்னாவது எழுதலாம்ல?"

வைக்கோல்

கெடு முடிந்தும் பதில் இல்லை. தலைநகருக்குப் போகவேண்டிய மனு, சாவடி அதிகாரியின் மேஜையிலேயே தூங்கியது. அவருடைய பசுவுக்கு ஒவ்வொரு வண்டியும் ஒரு கட்டு வைக்கோல் போட்டுவிட்டுப் போவது வழக்கம். அவர் கேட்டு வாங்கியதில்லை, வெறும் மரியாதை. "வரியைக் கட்டி ரசீது வாங்குங்க. வைக்கோல மட்டும் நிப்பாட்டுங்க" என்றேன்.

மூன்றாம் நாள் அதிகாரி முன்வண்டியை மறித்தார். நான் சொல்லிக்கொடுத்தபடி என் வீட்டுக்காரர், "வைக்கோலுக்கு உத்தரவு இருந்தா காட்டுங்கய்யா" என்றிருக்கிறார்.

அதிகாரி தலையில் அடித்துக்கொண்டாராம். "எடோ, பசுவுக்கு உத்தரவு தெரியுமோ?"

பால்

மனு அதிகாரியின் சிபாரிசோடு தலைநகர் போனது. புது வரி நீங்கியது. ஒச்சப்பருக்கு மனம் ஆறவில்லை, பசு இன்னும் ஒரு மாதம் காயட்டும் என்றார். "அவுக வரிய நிறுத்தின அன்னைக்கே நாமளும் நிறுத்தணும் பெரியப்பா, மனுவுல அப்படித்தான் எழுதியிருக்கு" என்று பயந்துகொண்டே பிடிவாதம் பிடித்தேன்.

அன்றைக்கே முதல் கட்டு வைக்கோலை என் வீட்டுக்காரரே போட்டார். திரும்பும்போது ஒரு செம்புப் பாலும், அதிகாரி சொல்லியனுப்பிய சேதியும் கொண்டுவந்தார்: "இனி வழக்கு என்னோட மட்டும் போதும்னு உன் வீட்டம்மாகிட்டச் சொல்லு. பசுவை விட்டுடணும்."

பயந்தவள் எழுதும் மனுவில் ஒரு சௌகரியம் உண்டு: எதிராளிக்கு எவ்வளவு வலித்தாலும், நம் வீட்டு ஆள் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்துவிடுவார்.