இவாமேயும் ஏழு நாள் சத்தியமும்

இவாமே கோபக்காரி என்று ஊரே சொல்லும். அந்த ஊர் வாயிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான். புருஷன் செத்தபின், ஜப்பானில் ஒரு மலையடியில் இருந்த ஷிண்டோ கோயிலில் இருபது வருஷம் சமைத்தாள், பெருக்கினாள். யாருக்கும் வளைந்து கொடுத்ததில்லை.

அதே ஊர்க்காரன் மொதோகானேயின் வயல்களை அவன் சொந்தத் தம்பி யசுமிச்சியே பிடுங்கப் பார்த்தான். அப்பா எழுதிய பத்திரம் பொய் என்று வழக்குப் போட்டான். நாட்டை ஆண்ட படைத்தலைவர் ஷோகுனின் நீதிமன்றம் வழக்கம்போல் கோயிலுக்கு அனுப்பியது. பத்திரம் மெய்யென்று சத்தியம் எழுதிக் கொடுத்துவிட்டு மொதோகானே ஏழு நாள் கோயில் அறையில் அடைந்து கிடக்கவேண்டும். அதற்குள் மூக்கில் ரத்தம் வந்தாலோ, புரையேறினாலோ, காக்கை எச்சமிட்டாலோ, எலி துணியைக் கடித்தாலோ சத்தியம் பொய்யென்று தெய்வமே சொல்லிவிட்டதாக அர்த்தம். நிலம் போய்விடும்.

முதல் நாளே யசுமிச்சி பட்டுத்துணியோடு அடுக்களைக்கு வந்தான்.

“அக்கா, கஞ்சில ஒரே ஒரு மீன் முள்ளு. தெரியாம விழுந்த மாதிரி.”

“கூடப் பொறந்தவன் தொண்டையிலயா? நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா? போடா வெளிய!”

பட்டு சேற்றில் போய் விழுந்தது. அன்றிலிருந்து கஞ்சியை விரலால் துழாவி முள் பார்த்தாள். கம்பெடுத்துக் காக்கை விரட்டினாள்.

“நீங்க கத்துற கத்துக்குக் காக்கா என்ன, சாமியே ஓடிரும்க்கா” என்று சிரித்தான் மொதோகானே.

“ஓடட்டும். நீ மெதுவா மென்னு முழுங்கு.”

ஆறாம் நாள் சாயங்காலம் பூசாரி சனெகியோ, “நான் பாத்துக்கிறேன், நீ வீட்டுக்குப் போ” என்று அவளை அனுப்பிவிட்டார். காலையில் வந்தால் மொதோகானேயின் சட்டைக் கையில் ஓட்டை. நீதிமன்ற எழுத்தரும் ஊரும் கூடி நின்றார்கள்.

இவாமே துணியைத் தூக்கிக் காட்டினாள். “எலி கடிச்சா பிசிறடிக்கும். இது கத்தி வெட்டு! யசுமிச்சி பட்டு பூசாரி வரைக்கும் போயிருக்கு!”

“எலி கடிச்சதை என் கண்ணால பாத்தேன்” என்றார் சனெகியோ.

“அப்ப நீரும் சத்தியம் எழுதும். அதே அறையில ஏழு நாள் உக்காரும். சோறு நான் போடுறேன்.”

எழுத்தர் சம்மதித்தார். பூசாரிக்கு வேறு வழியில்லை.

“ஒரு முள்ளு போதுமே, இவாமே” என்று பெண்கள் காதைக் கடித்தார்கள். அவளுக்கும் கை துடித்தது.

“நான் போட்டா அது என் பேச்சு. சாமி வாயத் தெறக்கட்டும்” என்றாள். பூசாரியின் கஞ்சியிலும் ஒரு முள் விடாமல் பொறுக்கி எடுத்தாள்.

சாமி வாயைத் திறக்கவில்லை. சனெகியோவுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. ஏழாம் நாள் கன்னம் பளபளக்க வெளியே வந்தார். வயல் யசுமிச்சிக்குப் போனது. மொதோகானே பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊரைவிட்டே போனான்.

இவாமே சன்னதிக்கு எதிரே போய் நின்றாள். தலை வணங்கவில்லை.

“நான் அடுப்படியில கெடக்கிற பொம்பள. எனக்கே பொய் சொல்லக் கை கூசுச்சு. உனக்குக் கூசலயா?”

அதற்கப்புறம் அந்தத் தெய்வத்துக்கு அவள் ஒரு பிடி சோறு பொங்கவில்லை.