கை தூக்குகிறவர்களிடம் ஒரு கேள்வி

சுகன்யாதேவிக்குக் கோபம் வந்தால் முதலில் சிவப்பது மூக்கு நுனிதான். ஜெர்மனியில் எசன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் அவளோடு வேலை செய்கிறவர்கள் அதைக் கண்டதும் மெல்ல ஒதுங்கிவிடுவார்கள். அந்தக் கொரோனா வசந்தத்தில் மூக்கு சிவந்தது சிவந்தபடியே இருந்தது. எல்லாரும் மாஸ்க் போட்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

கோபத்துக்குக் காரணம் அவளுடைய கணவர் தியாகராசா சாப்பிடாமல் கிடந்ததுதான். பக்கவாதம் வந்து, பின்னால் மறதியும் சேர்ந்து, அவர் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். முப்பது வருஷமாகப் பேசிய ஜெர்மன் மொழி சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. தமிழ் மட்டும் மிச்சம். கரண்டியைக் கண்டால் பல்லை இறுக்கிக்கொள்வார். சோற்றைப் பருப்போடு குழைத்து, உருண்டையாக்கி, சுகன்யாதேவி தன் கையால் தீத்தினால்தான் வாயைத் திறப்பார். ஊட்டுவதை யாழ்ப்பாணத்தார் தீத்துவது என்பார்கள். வேலை முடிந்ததும் தினமும் போய்த் தீத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவாள்.

அரசு ஓர் உத்தரவு போட்டது. இல்லங்களுக்குள் வெளியார் எவரும் வரக்கூடாது. தாதிமார் பாவம், கெஞ்சியும் கொஞ்சியும் பார்த்தார்கள். ஆள் வற்றிக்கொண்டே போனார். அவள் சோற்றுப் பெட்டியோடு வந்து ஜன்னலுக்கு வெளியே நிற்பாள். கட்டின மனுஷன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பட்டினி கிடக்க, இந்தப் பக்கம் சூடான சோற்றோடு நிற்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

முதலில் அவள் செய்தது நம்மவர்கள் வழக்கமாகச் செய்கிற பிழையைத்தான். யாழ்ப்பாணத்தில் தடை என்று ஒன்று வந்தால், போட்டவனிடமே போய்க் குழைந்து நிற்க வேண்டும். இராணுவ முகாமில் இருக்கிற பெரியவனுக்கு நாலு 'ஐயா' போட்டால் அனுமதித் துண்டு ஒன்று எழுதித் தருவான். அந்தப் பழக்கம் இரத்தத்தில் ஊறிப்போனது. மாநில முதல்வருக்கே கடிதம் எழுதினாள், 'தயவுசெய்து', 'கருணைகூர்ந்து' எல்லாம் போட்டு. வந்த பதிலில் நிறைய மரியாதை இருந்தது. அனுமதிதான் இல்லை.

சலவைக்கூடத்தில் தொழிலாளர் பிரதிநிதியாக இருந்த எமில் என்கிற ஜெர்மன்காரனிடம் அதைக் காட்டினாள். அவன் வாசித்துவிட்டு மேசையில் தட்டினான்.

"உத்தரவு போட்டவரிடமே போய் ஏன் கெஞ்சினீர்கள்? அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தது சட்டசபை. அதுவும் குறித்த காலத்துக்குத்தான். இந்த மாதக் கடைசியில் அவர் திரும்பவும் சபைக்கு வந்து நீட்டித்துத் தரும்படி கேட்க வேண்டும். அதற்கு முன்னால் சபையின் மனுக்குழுவுக்குப் போங்கள்."

அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது, கசந்த சிரிப்பு. "எங்கட நாட்டிலயும் அவசரகாலச் சட்டம் இருந்தது எமில். மாசாமாசம் பாராளுமன்றத்தில கை தூக்கி நீட்டினவை. நான் கலியாணம் கட்டி, பிள்ளை பெத்து, இஞ்ச ஓடி வந்த பிறகும் நீட்டிக்கொண்டுதான் இருந்தவை."

"யாரும் போய் ஏன் என்று கேட்கவில்லையா?"

"கேட்ட ஆக்கள் சில பேர் வீட்டுக்குத் திரும்பி வரேல்ல."

எமில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் முன்னால் வைத்தான். பிறகு, "இங்கே திரும்பி வரலாம்" என்றான். அன்றைக்கே அன்ராக், அதாவது மனு, எழுத இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இந்த முறை 'தயவுசெய்து' என்று ஒரு இடத்திலும் எழுத அவள் விடவில்லை.

குழு அவளை நேரில் வரச் சொல்லி ரேர்மின், அதாவது நாளும் நேரமும், கொடுத்ததும் மகன் கவிஷனுக்கு வியர்த்துவிட்டது. டுசல்டோர்ஃபில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிற பிள்ளை. வம்புதும்பு என்றால் ஆகாது.

"அம்மா, உங்களுக்கு ஏன் தேவையில்லாத வேலை? இந்தக் கொரோனா வருத்தம் பரவாமல் இருக்கத்தானே செய்யினம். எங்களுக்கு இடம் தந்த சனம். கொஞ்சம் பொறுங்கோவன்."

"நான் பொறுப்பன். உன்ர அப்பான்ர வயிறு பொறுக்குமோ?" அவள் குரல் ஏறியது. "இடம் தந்தவை எண்டதுக்காக வாயைப் பொத்திக்கொண்டு இருக்க ஏலாது. வருத்தக்காரர் படுத்த துணியை எல்லாம் நான்தான் தோய்க்கிறன். பரவுறது எனக்குத் தெரியாதோ?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், குழு கூடிய அன்று காரில் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தான்.

பெரிய அறை. ஆளுக்கு ஆள் எட்டி எட்டிக் கதிரை போட்டிருந்தார்கள். நடுவில் குழுத் தலைவி. ஓரத்தில் அமைச்சகத்திலிருந்து வந்த அதிகாரி, வெள்ளைச் சட்டை, இதமான பேச்சு. கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. முதியவர்களைக் காப்பாற்றத்தான் இந்தத் தடை என்று விளக்கினார். கடைசியில் அவளை ஆறுதல்படுத்துகிற நினைப்பில் ஒன்று சொன்னார்.

"உத்தரவில் விதிவிலக்கும் இருக்கிறது, அம்மா. இறக்கும் தறுவாயில் இருப்பவரை நெருங்கிய உறவினர் உள்ளே போய்ப் பார்க்கலாம்."

சுகன்யாதேவி எழுந்தாள். எழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இருந்துகொண்டு சொல்கிற பேச்சில்லை அது. அவளுடைய ஜெர்மன் வழக்கம்போல முன்னும் பின்னுமாகத்தான் வந்தது.

"எங்கட ஆக்களில ஒராள் செத்தால், எடுக்க முன்னம் சொந்தக்காரர் வாயில அரிசி போடுவினம். வாய்க்கரிசி எண்டு சொல்லுறது. நீங்கள் தாற அனுமதி அதுக்குத்தான் உதவும். செத்தவருக்கு அரிசி போட நான் உள்ள போகலாம். உயிரோட இருக்கிறவருக்குச் சோறு தீத்தப் போகேலாது. இதை ஆர் யோசிச்சு எழுதினது?"

அதிகாரி தண்ணீர்க் கிளாசை எடுத்தார், குடிக்காமல் வைத்தார். தலைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்படி உணவை மறுக்கிறவர்கள் எத்தனை பேர் என்று அமைச்சகம் விசாரித்ததா?"

"இதுவரை இல்லை."

"அது தெரியாமலா நீட்டித்துத் தரச் சொல்கிறீர்கள்?"

சுகன்யாதேவி இன்னும் உட்காரவில்லை. "இதைத்தான் கேக்கச் சொல்லி வந்தனான். கை தூக்க முன்னம் கேளுங்கோ. ஒவ்வொரு முறையும் கேளுங்கோ. கேக்காமல் தூக்கின கையை நான் கனக்கக் கண்டிட்டன்."

வெளியே வந்தார்கள். கவிஷன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பயந்துதான் போயிருந்தாள், ஆனால் இவ்வளவு காலமும் சொல்லாமல் கிடந்ததைச் சொல்லிவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் அழுகையும் வந்தது.

சபை நீட்டித்துத்தான் கொடுத்தது. அதில் அவளுக்குக் கோபம்தான். ஆனால் இந்த முறை சும்மா கொடுக்கவில்லை. உணவூட்ட ஒரு நெருங்கிய உறவினரை உள்ளே விட வேண்டும், அடுத்த முறை கேட்க வருமுன் இல்லங்களின் நிலைமையை விசாரித்துச் சபைக்குச் சொல்ல வேண்டும் என்று முதல்வரைக் கட்டிப்போட்டுத்தான் கொடுத்தது. யாரிடமும் கணக்குக் காட்டாமல் இருந்தவர் இனிக் காட்ட வேண்டும் என்று எமில் விளக்கினான். "காட்டட்டும், பாப்பம்" என்றாள்.

அனுமதி வந்த அன்றே சமைத்துக்கொண்டு ஓடினாள். இல்லத்தில் அவளுக்கு அங்கி மாட்டி, மாஸ்க் போட்டு, நீலக் கையுறையும் கொடுத்தார்கள். தியாகராசா படுக்கையில் நிமிர்ந்து இருந்தார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. உருண்டையை நீட்டினாள். நீல றப்பர் கையைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் கையுறையைக் கழற்றி வாளிக்குள் போட்டாள். தாதி பார்த்துக்கொண்டிருக்க, சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவினாள். தாதி ஏதோ சொல்ல வந்தாள். பிறகு திரும்பிப் போர்வையை மடிக்கத் தொடங்கினாள்.

"இஞ்சருங்கோ," என்றாள் சுகன்யாதேவி.

அவர் திரும்பினார். அந்தக் கையைப் பார்த்தார்.

"எங்கையப்பா போனனீர் இவ்வளவு நாளும்?"

"சண்டை பிடிக்கப் போனனான். இன்னும் முடியேல்ல. நீங்கள் ஆ எண்டுங்கோ."

அவர் வாயைத் திறந்தார்.