தோணிபோல் கிடந்த வாள்

காலை பதினொன்று பத்துக்குத் தொலைபேசி அடித்தது. அல்பேட்டின் கையில் உறை கழற்றிய நீண்ட வாள் இருந்தது. அதை வெள்ளைத் துணியில் கிடத்திவிட்டு ஓடினான்.

“அல்பேட், உங்கட அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்.” கோபாலசிங்கத்தின் மனைவி சந்திரமதி, ஆஸ்பத்திரியிலிருந்து.

அல்பேட் செய்துகொண்டிருந்த வேலை கோபாலசிங்கத்துடையது. வியா மக்வேதா என்ற பெருந்தெருவுக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில், கப்பல் மருத்துவராயிருந்த ஒரு கிழவரின் வீட்டில் ஐந்து வருடம் சமைத்தார், துடைத்தார். டொக்டர் என்ற பொருளில் தொத்தோரே என்றுதான் கிழவரை அழைப்பார்கள். அவருடைய நான்கு ஜப்பானிய வாள்களைத் தொடக் கோபாலசிங்கத்துக்கு மட்டுமே அனுமதி. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசியில் கோபாலசிங்கம் நெஞ்சு வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் படுத்தார். சித்திரையில் அவர் பெர்மெசோவை, இந்த நாட்டில் தங்கும் அனுமதியை, புதுப்பிக்க வேண்டும். அதற்கு அந்த வீட்டின் வேலைக் கடிதம் வேண்டும். வேறு ஆள் வந்துவிட்டால் எல்லாம் போய்விடும். மொண்டெல்லோக் கடற்கரைச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவும் அல்பேட் குளிர்காலத்தில் வேலையின்றி இருந்தான். “நீங்கள் வருமட்டும் நான் பிடிச்சு வைச்சிருக்கிறன்” என்று போனான்.

போன முதல் நாள், திங்கட்கிழமையே பிழை விட்டான். வாள்கள் வைக்கும் தாங்கியில் மூன்று வாள்களின் வெட்டுவாய் மேலே பார்த்திருந்தது. ஒன்றுமட்டும் கீழே. வருத்தத்தில் அண்ணை மாறி வைத்துவிட்டார் என்று நினைத்துத் திருப்பி வைத்தான். இன்னொரு தடவை இப்படியென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார் தொத்தோரே.

பின்னேரம் ஆஸ்பத்திரியில் கோபாலசிங்கம் இருமி இருமிச் சிரித்தார்.

“அடே, நீ மன்னாரான். தோணி தெரியாதே? மிதக்கிற தோணி மாதிரி வைக்கிறது தாச்சி. குதிரையிலை போறவன் இடுப்பிலை கயித்தாலை தொங்கவிடுறது. கவிட்ட தோணி கத்தானா. அதை இடுப்புத் துணிக்குள்ளை செருகிறது. உருவின கையோடை வெட்டலாம்.”

“மற்ற ரண்டும்?”

“ஓரடியும் வராத குட்டி, தான்தோ. நடுவிலான் வாக்கிசாசி. ஒரு வீட்டுக்குப் போனா கத்தானாவைக் கழட்டிக் குடுத்திட வேணும். வாக்கிசாசி இடுப்பிலையே இருக்கும். எங்கட பெர்மெசோ மாதிரி.”

“அதையும் கழட்டச் சொன்னா?”

“அப்ப நீ வீட்டை போ” என்று கண்ணை மூடிக்கொண்டார். நாலு பெயரையும் மூன்று தரம் சொல்லவைத்துத்தான் விட்டார்.

செவ்வாய் காலை தாச்சி தோணியாய் மிதந்தது. புதன்கிழமை காலை தொத்தோரே தாங்கியைப் பார்த்தார். உள்ளே போய், கோபாலசிங்கத்தின் பெயரில் கையெழுத்திட்ட வேலைக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். அல்பேட் அதைச் சட்டைப் பையில் வைத்தான். நாலு மணிக்கு நோயாளரைப் பார்க்க விடுவார்கள். அண்ணைக்கு இதை எப்படிச் சொல்லுவது என்று யோசித்தபடி வாள்களுக்கு எண்ணெய் மாற்றத் தொடங்கினான்.

ரிசீவரை வைத்தபோது தொத்தோரே கதவடியில் நின்றார். முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டு, போ என்று கையைக் காட்டினார்.

மூன்று வாள்களில் கராம்பு மணக்கும் புதிய எண்ணெய் பூசியாகியிருந்தது. வெள்ளைத் துணியில் கிடந்த தாச்சியில் பழையதைத் துடைத்தாயிற்று. புதியது பூசவில்லை.