ஆன்சர் போடாம பாஸ் ஆன கதை

ரிசல்ட் வந்துடுச்சி மக்களே... பேங்க் எக்ஸாம் ப்ரிலிம்ஸ் பாஸ்!!!

(நான் கத்துன கத்துல கீழ் ஃப்ளாட் அக்கா குக்கர ஆஃப் பண்ணிட்டு ஓடி வந்துட்டாங்க.)

வயசு வரம்புப்படி இதான் எனக்குக் கடைசி சான்ஸ். அதான் அந்தக் கத்து.

போன தடவ என்னக் கவுத்தது டேட்டா சஃபிஷியன்சி. கேள்விக்குக் கீழ ரெண்டு தகவல் கொடுப்பான். அத வெச்சி விடை கண்டுபிடிக்க முடியுமா, முடியாதா, அத மட்டும் சொன்னா போதும். விடைய சொல்லவே வேணாம்!

ஆனா எனக்குக் கை நிக்காதே! முழுசா போட்டுப் பாத்து, அடிக்கோடு இழுத்தாத்தான் மனசு ஆறும். அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும்.

இந்த தடவ எனக்கு கோச்சிங் யாரு தெரியுமா? என் வூட்டுக்காரர்!

மறைமலைநகர்ல கம்பெனி வேல. எதையும் பாதில வுடறதுல டாக்டர் பட்டமே கொடுக்கலாம். (படூர் வந்தா எங்க ஹால் செவுத்தப் பாருங்க. பாதி பச்ச, பாதி வெள்ள.)

ஒரு நாள் கம்பெனி பஸ்ல வந்து எறங்குனவரு, என் நோட்ட எட்டிப் பாத்தாரு. ஒரு டேங்க் நெரம்ப எவ்ளோ நேரம் ஆவும்னு நான் வகுத்துகினு இருந்தேன்.

"இன்னாடி பண்ற?"

"இருங்க, ஆன்சர் புள்ளி வெச்சி நீண்டுகினே போவுது..."

"டேங்க் சைஸ் கொடுத்துட்டான். தண்ணி வர்ற வேகமும் கொடுத்துட்டான். கண்டுபிடிக்கலாம்ல? டிக் போட்டுட்டு அடுத்ததுக்குப் போ."

"அப்ப ஆன்சர்?"

"நம்ம வூட்டு டேங்க்கா அது? எப்ப நெரம்புனா உனக்கு இன்னா?"

அன்னிலேர்ந்து நான் பேனாவத் தொட்டாலே புடுங்கிடுவாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து நாங்க இவ்ளோ சண்ட போட்டதே இல்ல!

எக்ஸாம் ஹால்ல கை துறுதுறுன்னுச்சி. பல்லக் கடிச்சிகினு போதும், போதாது, போதும்னு க்ளிக் பண்ணிகினே போய்ட்டேன்.

இன்னிக்கு ரிசல்ட் பாத்ததும் மொதல்ல அவருக்குத்தான் போன் போட்டேன்.

"ஏங்க, பாஸ் ஆயிட்டேங்க!"

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சற சத்தம் மட்டும் கேக்குது. (மனுஷன் கம்பெனில நின்னு அழுவுறாரு!)

நானும் கண்ணத் தொடச்சிகினு, "வர்றப்ப மெயின்ஸ் புக் வாங்கினு வாங்க"ன்னேன்.

"அது எதுக்குடி? நீ பேங்க்ல ஒக்காந்துடுவன்னு சொல்ல இதுவே போதும். எந்த பிராஞ்ச் வேணும், அதச் சொல்லு."

மெயின்ஸ் எழுதல, அப்பறம் இன்டர்வியூ வேற இருக்குது, அதுக்குள்ள மாமல்லபுரமா கல்பாக்கமான்னு கேக்கறாருங்க என் வாத்தியாரு!

நானும் வெக்கமே இல்லாம யோசிச்சிகினு கீறேன். நீங்க இன்னா சொல்றீங்க?