ஞானராஜ் அண்ணனின் மணல் வண்டிகள்

விடுப்பில் போயிருந்த ஞானராஜ் அண்ணன் ஊரிலிருந்து குரல் செய்தி அனுப்பியிருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். திரையில் அவர் பெயர்தான் இருந்தது. ஷார்ஜா ரோலாவில் நான் வேலை பார்க்கும் நகைக்கடையில் அப்போது ஒரு குடும்பம் வளையல் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது. அவர்களை அனுப்பிவிட்டு, பின்பக்கம் தேநீர் போடும் மூலையில் நின்று கேட்டேன். பெண் குரல்.

"நான் ஞானராஜுக்க வீட்டுக்காரி, ஸ்டெல்லா. அவரு நேத்தைக்குக் காலையில தவறிட்டாரு. நெஞ்சு வலிக்குன்னாரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சு போச்சு. அங்கன யாருக்குச் சொல்லணும்னு எனக்குத் தெரியாது. போன்ல பாதிப் பேரு கம்பெனிப் பேராத்தான் இருக்கு. உங்க பேர 'ரோலா பாய்'னு போட்டிருக்காரு. வெள்ளிக்கிழமையானா உங்களுக்குத்தான் போன் போயிருக்கு. அதான் உங்ககிட்டச் சொல்லுகேன். மத்தவங்களுக்கு நீங்க சொல்லிருங்க."

மற்றவர்கள் யார் என்று யோசித்தபடி அங்கேயே நின்றேன். எத்தனையோ வருடப் பழக்கம். அவருடைய நண்பர் என்று இன்னொருவர் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. என்னுடைய நண்பர் என்றாலும் அவர் பெயரைத்தான் சொல்லியிருப்பேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். தொழில்பேட்டையில் அவரிடம் வண்டி விட்டவர்கள், அவரோடு ஓர் அறையில் தங்கியவர்கள், ஞாயிறு மாலை தேவாலயத்தின் பின்வரிசையில் அவரைப் பார்த்தவர்கள், உங்களில் யாருக்காவது இது போய்ச் சேரட்டும்.

நாங்கள் அறிமுகமானது தராசால். மார்த்தாண்டம் பக்கத்துக்காரரான அவர், தொழில்பேட்டையில் மணல் பைக் பழுது பார்க்கும் ஒரு கராஜில் இருந்தார். மணல்மேடுகளில் ஏறி இறங்கும் நான்கு சக்கர வண்டிகள். அவற்றில் கியர் போட வேண்டாம். எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே கிளட்சும் பெல்ட்டும் அந்த வேலையைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும். அந்தக் கிளட்சுக்குள் சின்னச் சின்ன எடைகள் இருக்கும். எஞ்சின் சுழலச் சுழல அவை விரிந்து பெல்ட்டை நெருக்கும். அந்த எடைகளைக் கூட்டியும் குறைத்தும் வண்டியைச் சரிசெய்வதுதான் அண்ணனின் வேலை. கராஜ் தராசு கெட்டுப்போன ஒரு நாள், எண்ணெய்க் கறுப்பேறிய உலோகத் துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு எங்கள் கடைக்குள் நுழைந்துவிட்டார்.

"பாய், இத ஒண்ணு நிறுத்துத் தாங்களேன். ஒண்ணுக்கொண்ணு சமமா இருக்கான்னு மட்டும் பாத்தாப் போதும்."

"அண்ணே, இது தங்கம் நிறுக்குற தராசு. மேனேஜர் பாத்தா என் வேலை போயிரும்."

"தங்கம் ஒரு பொடி கூடக்கொறைய இருந்தா காசுதான் போவும் பாய். இது கூடக்கொறைய இருந்தா ஆளு விழுந்துருவான்."

தராசில் காகிதம் விரித்து, ஒவ்வொன்றாக நிறுத்துக் கொடுத்தேன். பக்கத்தில் நின்ற எகிப்துக்கார அம்மாள் எட்டிப் பார்த்து, "இது என்ன, பிளாட்டினமா?" என்று கேட்டார். அண்ணன் ரொம்ப மரியாதையாக, "விக்கிறதுக்கில்ல மேடம்" என்றார். அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்காது. நான்தான் சிரித்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கடை மாலையில்தான் திறக்கும். கீழக்கரையில் இருக்கும் என் வீட்டோடு பேசிவிட்டால் பிறகு எனக்கு வேலை இல்லை. அவருக்கு அன்றுதான் ஓட்டிப் பார்க்கும் நாள். ஜும்மா தொழுகை முடிந்து நான் பள்ளிவாசலிலிருந்து வெளியே வரும்போது, பின்னால் ஒரு மணல் பைக்கைக் கட்டி ஏற்றிய பிக்கப் வண்டியோடு சாலையோரம் நிற்பார். ஹத்தா போகும் சாலையில் செம்மணல் மேடுகள் தொடங்கும் இடத்துக்குப் போவோம். நான் பிக்கப் நிழலில் உட்கார்ந்து பொட்டலச் சோற்றைப் பிரிப்பேன். அவர் மேட்டில் ஏறுவார், இறங்குவார், கிளட்ச் மூடியைக் கழற்றுவார், பெல்ட்டைத் தொட்டுச் சூடு பார்ப்பார், ஓர் எடையை மாற்றிப் போட்டு மறுபடி ஏறுவார்.

ஒருமுறை விளக்கம் கேட்டேன். சோற்றுக் கையோடு சொன்னார்: "எடை கூடிப் போச்சுன்னா வண்டி அவசரப்படும் பாய். பாதி மேட்டுல மூச்சு முட்டி நின்னுரும். கொறஞ்சு போச்சுன்னா வெறும் சத்தந்தான். எஞ்சின் அலறும், வேகம் வராது. ரெண்டுக்கும் நடுவுல அதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. அத நான் சொல்ல முடியாது, வண்டிதான் சொல்லணும்."

இன்னொரு வெள்ளிக்கிழமை, மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கியவரின் எஞ்சின் சத்தம் சட்டென்று நின்றுபோனது. விழுந்துவிட்டார் என்று பதறி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சுடுமணலில் ஏறி ஓடினேன். சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, உயிரே போயிருச்சு எனக்கு!"

"ஒண்ணுமில்ல பாய். இங்கன இருந்தா நல்லா இருக்கு. ரூம்ல அத்தன பேரு இருந்தும் ஆளில்லாத மாதிரித்தான் இருக்கு. இங்க ஆளில்ல, அதனால ஆளில்லாத மாதிரி இருக்கு. இது ஞாயமாப் படுது."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் பழக்கத்தில் பெரும்பகுதி இப்படித்தான் கழிந்தது.

அபு ஹமத் என்ற உள்ளூர்க்காரரைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஞானராஜ் அண்ணனைப் பற்றிச் சொன்னதாகாது. ஒரு காலத்தில் மணலில் வண்டி ஓட்டிப் பேர் வாங்கிய மனிதர். சாலை விபத்தில் இடது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். தம்பிகள் அவருக்கென்று பெரிய மணல் பைக் ஒன்றை வாங்கினார்கள். கியர் இல்லாததால் ஒற்றைக் காலோடு ஓட்டிவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் முறுக்கியதும் அந்த வண்டி வெடுக்கென்று பாயும். பிடித்துக்கொள்ள ஒரு பக்கம் கால் இல்லாததால் விழுந்துவிடுவார். பல கராஜ்களுக்குப் போனார்கள். எல்லோரும் சொல்லிவைத்தாற்போல வண்டியின் வேகத்தைத்தான் கூட்டிக் கொடுத்தார்கள்.

அண்ணன் அவரிடம் ஹிந்தியில் கேட்டது ஒன்றைத்தான்: "எங்கே போகணும்?"

அபு ஹமத் மேட்டைக் காட்டினார். அதற்கு அப்பால் அவருடைய ஒட்டகப் பட்டி இருந்தது. "தம்பிகள் காரில் கூட்டிப்போகிறார்கள். குழந்தையைக் கூட்டிப்போவது மாதிரி. நானே போகணும்" என்றார்.

அந்த வண்டி பல வெள்ளிக்கிழமைகளை எடுத்துக்கொண்டது. எடைகளின் அடிப்பக்கத்தில் கொஞ்சம் கூட்டி, நுனியில் குறைத்தார். ஸ்பிரிங்கை இளக்கமாக மாற்றினார். புறப்படும்போது வண்டி அலுங்காமல் நகர வேண்டும், மேடு ஏறும்போது எஞ்சின் தளரவும் கூடாது. இரண்டும் ஒன்றாக அமையவில்லை. ஒருநாள் அவர் தன் இடது காலை மடக்கித் துண்டால் இறுகக் கட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார்.

"அண்ணே, என்ன பைத்தியக்காரத்தனம் இது!"

"ரெண்டு காலோட ஓட்டிப் பாத்துட்டு சரியாயிட்டுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

விழுந்தார். தோள் வீங்கியது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு அடுத்த வெள்ளியும் காலைக் கட்டினார். அதற்கடுத்த முறை விழவில்லை. வண்டி கையால் மெல்லத் தள்ளியதுபோல நகர்ந்தது. உச்சிவரை ஒரே குரலில் ஏறியது. கீழே வந்து முடிச்சை அவிழ்த்தபோது அவர் முகத்தில் இருந்த சிரிப்பை, தன் மகன் என்ஜினீயர் ஆனதைச் சொன்ன நாளில்கூட நான் பார்த்ததில்லை.

அபு ஹமத் ஓட்டிப் பார்த்த நாளில் தம்பிகள் இரண்டு லேண்ட் குரூசர்களில் வந்திருந்தார்கள். அவர் வண்டி நகர்ந்ததும் அவர்களும் பின்னால் போகப் பார்த்தார்கள். ஞானராஜ் அண்ணன் முதல் காருக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். முதலாளிமாரிடம் தலைநிமிர்ந்துகூடப் பேசாதவர்.

"அகேலா ஜானே தோ, பாய்" என்றார். தனியாகப் போகவிடுங்கள்.

"விழுந்தால்? நீயா பொறுப்பு?" என்று பெரிய தம்பி கத்தினார்.

"நான்தான் பொறுப்பு."

ஏதாவது ஆனால் அன்றைக்கே அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அதோடு விடுவார்களா என்பதும் தெரியாது. வண்டி உச்சியைத் தொட்டு மறைந்தது. சத்தம் தேய்ந்து, பிறகு அதுவும் இல்லை. அண்ணன் கண்ணை மூடி நின்றிருந்தார். என்ன ஜெபம் செய்தாரோ. கடைசியில் அப்பாலிருந்து எஞ்சின் சத்தம் எழுந்தது. அபு ஹமத் உச்சியில் வந்து நின்று எங்களைப் பார்த்தார். இறங்கி வருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடியும் அந்தப் பக்கமே போய்விட்டார். பெரிய தம்பி மணலில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

இறந்த செய்தி வந்த மறுநாள் கராஜுக்குப் போனேன். அவர் மேசையில் வேறொருவர் கார்புரேட்டர் பிரித்துக்கொண்டிருந்தார். போர்மேன் நல்ல மனிதர்தான். "கலாஸ், முடிந்துபோயிற்று பாய். என்ன செய்வது" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அறைக்குப் போனேன். அவர் கட்டிலுக்குப் புது ஆள் வந்தாயிற்று. அண்ணனைப் பற்றிப் பேச ஒரு மனிதர் கிடைக்காமல், கடைசியில் அபு ஹமதுக்குப் போன் செய்தேன். என் அரைகுறை அரபியில் சொன்னதும், "இன்னாலில்லாஹி" என்று இறந்தவருக்காகச் சொல்லும் வார்த்தையைச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் அவருடைய கார் எனக்காக நின்றது.

அபு ஹமத் தன் ஒட்டகப் பட்டியில் உட்கார்ந்து, அண்ணனின் மனைவியோடு பேச வேண்டும் என்றார். போன் போட்டேன். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன். "உங்கள் கணவரால் நான் தினமும் துணைக்கு யாருமில்லாமல் இங்கே வருகிறேன் என்று சொல்." காலைக் கட்டிக்கொண்டு ஓட்டியதையும், காருக்கு முன்னால் நின்றதையும் நானாகச் சேர்த்துச் சொன்னேன்.

ஸ்டெல்லா அக்கா எல்லாவற்றையும் கேட்டார். பிறகு, "எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்லையே பாய். சாப்டியா, தூங்குனியான்னுதான் கேப்பாரு. அங்க என்ன வேலைன்னு கேட்டா மெக்கானிக்குன்னு மட்டும் சொல்லுவாரு" என்றார். அழுதார். கொஞ்சம் பொறுத்து, "இன்னும் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

இப்போது வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் நான் ஸ்டெல்லா அக்காவைப் போனில் கூப்பிடுகிறேன். அந்த நேரத்தில் எனக்கும் பேச வேறு ஆள் இல்லை. முதலில் வெயிலைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசுவோம். பிறகு அக்கா மெல்லக் கேட்பார். நான் அண்ணனைப் பற்றி ஒன்றைச் சொல்வேன். ஒரு தடவைக்கு ஒன்றுதான். அதற்குமேல் சொன்னால் சீக்கிரம் தீர்ந்துவிடும். அண்ணனோடு உட்கார்ந்திருந்த பொழுதுகளில் பாதி பேச்சில்லாமல் போனவை, சொல்வதற்கு அதிகம் இல்லை. இங்கே எழுதியவையெல்லாம் அக்காவுக்கு ஏற்கெனவே சொன்னவை. இன்னும் சொல்லாதவை கொஞ்சம் இருக்கின்றன. ஞானராஜ் அண்ணனுடையதாக என்னிடம் இருப்பவை அவைதான். அவற்றை நான் இங்கே எழுதவில்லை.