அருளப்புவை யார் கண்டது?

போன கிழமை எங்கள் ஊர்த் திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனேன். கத்தரிக்காயோடு ஒரு செய்தியும் கிடைத்தது. செய்திக்கு விலை இல்லை. இந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் தட்டுப்பாடு இல்லாமல் கிடைப்பது அது ஒன்றுதான்.

செய்தி இதுதான். குருநகர் அருளப்பு உயிரோடு இருக்கிறான்.

அருளப்பு யார் என்று கேட்பீர்கள். எங்கள் சந்தையில் மீன் விற்கிற பிலோமினாவின் கணவன். வாடைக்காற்று தொடங்கிய கையோடு சின்ன வள்ளத்தில் தனியாகக் கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. இந்த யுத்த காலத்துக் கடலில் ஒருவன் திரும்பி வராமல் போக எத்தனை காரணங்கள் இருக்கலாம் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

காய்கறி விற்கிற கந்தையா அடித்துச் சொன்னார். அருளப்பு இராமேசுவரத்தில் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். இடது காலில் காயம், கட்டுப் போட்டிருக்கிறார்கள். நீலச் சாரம் உடுத்திருக்கிறான்.

நீலச் சாரம்! சாரத்தின் நிறம் வரைக்கும் தெரிந்த செய்தி பொய்யாக இருக்குமா? நேரே மீன் பக்கம் போய்ப் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் திடுக்கிடவில்லை. காலையிலேயே வேறு ஆட்களும் வந்து சொல்லிவிட்டார்களாம்.

"எல்லாரும் சொல்லுகினம் அண்ணை. ஆர் கண்டதெண்டு ஒருத்தரும் சொல்லுகினமில்லை. நீங்கள் பேப்பருக்கு எழுதிற ஆள். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுங்கோவன்."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. கத்தோலிக்கரின் மரித்தவர்கள் திருநாள் வருகிறது. அன்றைய பூசையில் வாசிப்பதற்கு, இறந்து போனவர்களின் பெயர்களைக் கோயிலின் பங்குச் சுவாமி கேட்டிருந்தார். அருளப்புவின் பெயரைக் கொடுப்பதா, விடுவதா? கொடுத்தால், உயிரோடு இருக்கிறவனை அவளே சாகடித்த மாதிரி. விட்டால், செத்தவனுக்கு ஒரு செபம்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் சுவாமிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

எனக்கும் கொஞ்சம் மிதப்பு வந்தது. உண்மையைக் கண்டுபிடிக்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்? சைக்கிளை எடுத்தேன்.

கந்தையாவுக்குச் செய்தி கொடுத்தவர், மானிப்பாயில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அவருடைய மச்சான். போய்ப் பிடித்தேன். ஆஸ்பத்திரி சரி, இடது காலும் சரி என்றார். நீலச் சாரம்? அதைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து கந்தையாவைக் கேட்டேன். "அவன் எப்பவும் நீலச் சாரம்தானே உடுக்கிறவன்" என்றார். அங்கே போய் வேறென்ன உடுக்கப் போகிறான் என்று என்னையே திருப்பிக் கேட்டார். நியாயம்தான்.

மச்சானுக்குச் சொன்னவர் வல்வெட்டித்துறைச் சம்மாட்டி ஒருவர் — சொந்தமாக வள்ளங்கள் விடுகிறவர். மானிப்பாய்க்கு வந்த இடத்தில் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றடிக்க நின்று கதைத்திருக்கிறார். அடுத்த நாள் பஸ் ஏறி அவரிடம் போனேன். இராமேசுவரம் சரி, ஆஸ்பத்திரியும் சரி என்றார். ஆனால் காலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லையாம். சரி, ஆஸ்பத்திரி என்று எப்படித் தெரியும்? சுகமாக இருக்கிறவன் இவ்வளவு நாளும் ஒரு தகவல் அனுப்பாமல் இருப்பானா என்றார்.

விளங்குகிறதல்லவா? ஆஸ்பத்திரி என்றால் காயம். காயம் என்றால் ஏதாவது ஓர் இடத்தில் இருக்கத்தானே வேண்டும்... மச்சான் இடது காலைத் தெரிவு செய்திருக்கிறார்.

போகப் போக அருளப்புவுக்குச் சுகமாகிக்கொண்டே வந்தது. மானிப்பாயில் சாரம் கழன்றது. வல்வெட்டித்துறையில் கால் காயம் ஆறியது, வீட்டுக்குப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் துண்டும் வெட்டிவிட்டார்கள். மிஞ்சியது இராமேசுவரம் மட்டும்தான்.

இராமேசுவரத்தைச் சம்மாட்டிக்குக் கொடுத்தவர் சவிரிமுத்தர். குருநகர்க் கோயிலில் மணி அடிக்கிறவர். சம்மாட்டி குருநகருக்கு வலை வாங்கப் போன இடத்தில் இவர் சொல்லியிருக்கிறார். இனி இவர்தான் கடைசி என்று நினைத்துக்கொண்டு அவரைத் தேடிப் போனேன். சவிரிமுத்தருக்கு ஒரு சந்தேகமும் இல்லை. கோயில் முற்றத்தில் தன் காதாலேயே கேட்டாராம்.

"ஆர் சொன்னது?"

"பிலோமினாதான். மாமியாருக்குச் சொல்லிக்கொண்டு நிண்டவ. வாடைக்கு வள்ளம் இராமேசுவரப் பக்கம் போய் ஒதுங்கியிருக்குமாம், அருளப்பு அங்கைதான் நிக்கிறானாம் எண்டு."

அவருடைய வாசலிலேயே கொஞ்ச நேரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதில் ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை, கவனித்தீர்களா? நாங்கள் ஒரு வீட்டுக்கு வெறுங்கையோடு போகிற ஆட்களா? ஒரு பிஸ்கட் பெட்டி, நாலு தோடம்பழம் — ஏதாவது ஒன்று கையில் இருக்க வேண்டும். துக்கப்படுகிறவளிடம் மட்டும் வெறுங்கையோடு போக மனம் வருமா? ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். பொய்க்குக் கெட்டித்தனம் வேண்டும். இதற்கு இரக்கம் போதும்.

சனிக்கிழமை பின்னேரம் பிலோமினா வீட்டுக்குப் போனேன். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னேன். யாருமே அருளப்புவைக் காணவில்லை என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப ஆரண்ணை முதல் சொன்னது?"

"நீர்தான் பிள்ளை. கோயில்லை, மாமியாருக்கு."

அவள் மெல்லச் சொன்னாள்.

"அது மாமி அழுதாவெண்டு சும்மா சொன்னனான் அண்ணை. சொல்லேக்கை நான் நம்பேல்லை. சனம் வந்து சொல்லத்தான் நம்பினனான்."

இத்தனை வருடமாக எழுதுகிறேன். மனிதர் எப்படி நம்புகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றவில்லை. எனக்கு அழுகைதான் வந்தது. எதற்காக இந்த வேலையில் இறங்கினேன் என்றிருந்தது.

பெயரை நாளைக்குச் சுவாமியிடம் கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். மாமியாருக்குத் தெரிய வராதாம். அன்றைக்குக் கோயிலுக்கு வந்தவர், பிறகு மகனை நினைத்தே பாயில் விழுந்துவிட்டாராம், இப்போது கோயிலுக்கும் வருவதில்லையாம்.

உள்ளேயிருந்து மாமியாரின் குரல் கேட்டது. யார் வந்திருப்பது என்று கேட்டார். பிலோமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்பக்கம் திரும்பினாள்.

"பேப்பர்கார அண்ணை, மாமி. உங்கடை மோன் இராமேசுவரத்திலைதான் நிக்கிறாராம். எல்லா இடமும் விசாரிச்சுப்போட்டு வந்து சொல்லுறார்."

"மெய்தானோ தம்பி?"

பிலோமினா என்னைப் பார்த்தாள்.

"ஓம் அம்மா" என்றேன்.

பெயர்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். என்றாலும் குருநகர் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள் — இந்தக் கிழமைப் பேப்பரை அந்த வீட்டுப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.